30-60-90 முக்கோணத்தில் √3 எந்தப் பக்கத்துக்கு? மகள் ஒவ்வொரு முறையும் மாற்றிப் போடுகிறாள்

தாமரைக்குளம் | ஞாயிறு, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். நான் பி.காம் படித்தவள். வரவு செலவு பார்ப்பேன், வடிவியல் பள்ளியோடு போயிற்று.

போன வாரத் தேர்வில் ஒரு கேள்வி. செங்கோண முக்கோணம், ஒரு கோணம் 30°, அதன் எதிர்ப்பக்கம் 7 செ.மீ. மற்ற இரண்டு பக்கங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். கர்ணம் 7√3, இன்னொரு பக்கம் 14 என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள். எண்கள் இரண்டும் சரி, இடம்தான் மாறிப்போச்சு. மதிப்பெண் கிடைக்கவில்லை.

இது மூன்றாவது முறை. டியூஷனில் "ஒன்று, ரூட் மூன்று, இரண்டு" என்று ஐம்பது தடவை எழுதச் சொன்னார்களாம். எழுதினாள். மறுநாளும் அதே தப்பு. "எது எந்தப் பக்கத்துக்குன்னு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நேற்று நோட்டை மூடிவிட்டு அழுதாள். யாராவது சொல்லித் தர முடியுமா?

---

கரும்பலகை | ஞாயிறு, இரவு 10:02

அம்மா, 31 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இந்தத் தப்பை நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். 1, 2, 3 என்று வரிசையாகப் பார்த்துப் பழகிய கண், 3 இருக்கும் இடத்தைப் பெரிய பக்கத்துக்குக் கொடுத்துவிடுகிறது. √3 என்பது 1.732. இரண்டைவிடச் சின்னது. வேர்க்குறி போட்டதும் அது மறைந்துபோகிறது.

எழுதச் சொல்வதை நிறுத்துங்கள். ஒரு வெள்ளைத்தாள், கவராயம், கத்தரிக்கோல் எடுத்துக் கொடுங்கள்.

14 செ.மீ பக்கம் உள்ள சமபக்க முக்கோணம் ஒன்றை வரைந்து வெட்டி எடுக்கட்டும். கீழ்ப்பக்கத்தின் ஒரு முனை இன்னொரு முனை மேல் சரியாக உட்காரும்படி நடுவில் மடிக்கட்டும். மடித்த கோட்டிலேயே வெட்டினால் கையில் இருப்பது 30-60-90 முக்கோணம்.

இப்போது ஒவ்வொரு பக்கமாகத் தொட்டுக் காட்டிச் சொல்லச் சொல்லுங்கள். சாய்ந்த பக்கம்? அதை யாரும் தொடவில்லை, பழைய 14 அப்படியே இருக்கிறது. கீழ்ப்பக்கம்? அது 14 ஆக இருந்தது, வெட்டியதில் பாதியாகி 7. மூன்றாவது பக்கம் முன்னால் இல்லவே இல்லை. நாம் வெட்டியதால் பிறந்தது. √3 அங்கேதான் உட்காரும்.

கணக்காகவும் பார்த்துவிடலாம். 14² – 7² = 196 – 49 = 147. அது 49 × 3. ஆக, வெட்டிய கோடு 7√3, சுமார் 12.12 செ.மீ. அளவுகோலை வைத்துப் பார்த்தால் 12.1 வரும்.

45-45-90 முக்கோணத்துக்கும் இதே கதைதான். அது சதுரத்தின் பாதி. மூலையிலிருந்து மூலைக்கு வெட்டினால் இரண்டு பக்கங்கள் பழையவை, மூலைவிட்டம் புதியது. √2 அந்தப் புதிய கோட்டுக்கு. பிள்ளைகள் 45-இல் வேர் கர்ணத்துக்கு வருவதைப் பார்த்துவிட்டு, 30-60 முக்கோணத்திலும் கர்ணத்துக்கே போடுகிறார்கள். இரண்டிலும் வேர் வெட்டிய கோட்டுக்குத்தான். சதுரத்தில் வெட்டிய கோடு கர்ணமாகிறது, சமபக்க முக்கோணத்தில் அது குத்துயரமாகிறது. இவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம், விடை எழுதியதும் ஒரு தடவை சரிபார்க்கும் பழக்கம் வேண்டும். கர்ணம்தான் எப்போதும் நீளமான பக்கம். அவள் விடையில் கர்ணம் 12.12, இன்னொரு பக்கம் 14. அப்படி ஒரு செங்கோண முக்கோணமே கிடையாது.

---

தாமரைக்குளம் | ஞாயிறு, இரவு 10:20

ஐயா, நான் படித்தபோதே இதை இப்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. நாளைக்குச் சாயங்காலம் உட்கார்ந்து வெட்டுகிறோம். ரொம்ப நன்றி.

---

வேகக்கணக்கு | ஞாயிறு, இரவு 11:35

சாரின் விளக்கம் அருமை, அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் தேர்வறையில் தாளை வெட்டிக்கொண்டிருக்க முடியாதே. நான் போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கிறவன். சைன் 30 = 1/2, காஸ் 30 = √3/2, டேன் 45 = 1. இந்தச் சின்ன அட்டவணை மனதில் இருந்தால் எந்தக் கோணத்துக்கும் ஒரே முறை. எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம், கர்ணம் என்று பெயர் வைத்துவிட்டுப் போட்டுக்கொண்டே போகலாம். சமபக்க முக்கோணத்தின் பாதி, சதுரத்தின் பாதி என்று தனித்தனிக் கதை எதற்கு?

இன்னொன்றும் இடிக்கிறது. "வேர் எப்போதும் வெட்டிய கோட்டுக்கு" என்றீர்கள். 60°-க்கு எதிர்ப்பக்கம் 9 என்று கொடுத்துவிட்டால்? வெட்டிய கோடு வெறும் 9. அங்கே வேரைக் காணோம். மற்ற இரண்டு பக்கங்களில்தான் வருகிறது. அந்தப் பிள்ளை இன்னும் குழம்பாதா?

---

கரும்பலகை | திங்கள், காலை 6:15

தம்பி, இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. நான் சொன்னதில் ஒரு சொல் குறைந்துவிட்டது. வெட்டிய கோடு, பாதிப் பக்கத்தைப் போல √3 மடங்கு. அந்த "மடங்கு" என்பதை விட்டுவிட்டால் நீங்கள் சொன்ன இடத்தில் பிள்ளை தடுமாறத்தான் செய்யும்.

9 என்பது வெட்டிய கோடு. பாதிப் பக்கத்தை √3 ஆல் பெருக்கினால் 9 வந்தது. ஆக, திரும்பிப் போக வகுக்க வேண்டும்: 9/√3. இங்கேயும் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். 9 என்பதை 3 × √3 × √3 என்று பிரித்து எழுதினால் ஒரு √3 அடிபட்டு 3√3 மிஞ்சும். அது பாதிப் பக்கம். அதன் இரட்டிப்பு 6√3 கர்ணம். சரிபார்ப்போம்: 27 + 81 = 108, (6√3)² = 36 × 3 = 108. சரியாக இருக்கிறது.

எது கொடுத்தாலும் முதலில் பாதிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்துவிடு என்று நான் வகுப்பில் சொல்வேன். கர்ணம் கொடுத்தால் இரண்டால் வகு. வெட்டிய கோடு கொடுத்தால் √3 ஆல் வகு. பாதிப் பக்கம் கைக்கு வந்துவிட்டால் மற்ற இரண்டும் அங்கிருந்து இறங்கும். பெரிய பக்கத்திலிருந்து நேராக வெட்டிய கோட்டுக்குத் தாவும்போதுதான் √3/2-ஆ 2/√3-ஆ என்று கை நடுங்கும்.

அட்டவணையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் வயதில், அந்த வேகத்தில், அது தேவை. ஆனால் சைன் 30 ஏன் பாதி? அந்த முக்கோணம் சமபக்க முக்கோணத்தின் பாதி என்பதால்தான். அட்டவணையில் ஒரு கட்டம் மறந்துபோனால் உங்களிடம் திரும்பிப் போக வேறு இடம் இல்லை. வெட்டிப் பார்த்த பிள்ளை ஓரத்தில் ஒரு சின்ன படம் போட்டு அட்டவணையைத் திரும்ப உண்டாக்கிக்கொள்ளும், பத்து வினாடியில்.

---

வேகக்கணக்கு | திங்கள், காலை 8:40

"முதலில் பாதிப் பக்கத்துக்கு வா" என்பதை எடுத்துக்கொள்கிறேன் சார். √3/2, 2/√3 குழப்பம் எனக்கே நிறைய தடவை வந்திருக்கிறது. வேகம் விஷயத்தில் மட்டும் என் கருத்து அப்படியே இருக்கிறது. தேர்வு நாளுக்கு முன்னால் அட்டவணை மனப்பாடமாக இருந்தே ஆக வேண்டும்.

---

ஆறுபட்டை | திங்கள், பகல் 1:20

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். கோவையில் லேத் பட்டறை. இந்த முக்கோணம் எங்களுக்குத் தினமும் கையில் புழங்குவது, அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

17 எம்எம் ஸ்பானர் பிடிக்கிற நட்டு ஒன்றை உருண்டை ராடிலிருந்து மில்லிங் போட்டு எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 17 என்பது பட்டைக்குப் பட்டை அளவு, அதாவது எதிரெதிரான தட்டைப் பக்கங்களுக்கு நடுவில் உள்ள தூரம். மூலைக்கு மூலை எவ்வளவு வரும்? அது தெரியாமல் எந்த ராடை எடுப்பது?

அறுகோணம் என்பது ஆறு சமபக்க முக்கோணம் சேர்ந்தது. மையத்திலிருந்து பட்டைக்கு நேராக வரும் கோடு, அதாவது 17-இல் பாதி, 8.5 மி.மீ. வாத்தியார் சொன்ன வெட்டிய கோடு அதுதான். √3 ஆல் வகுத்தால் 4.907, பாதிப் பக்கம். இரட்டிப்பு 9.815, மையத்திலிருந்து மூலைக்கு. மூலைக்கு மூலை 19.63. ஆக 20 எம்எம் ராடு எடுத்து ஒவ்வொரு பட்டைக்கும் 1.5 மி.மீ இறக்கினால் பட்டையும் சரியாக வரும், மூலையும் நிற்கும்.

நான் தொழிலுக்குச் சேர்ந்த புதிதில் 19 எம்எம் ராடில் போட்டுவிட்டேன். "17-க்கு 19 போதாதா, 2 எம்எம் கூட இருக்கிறதே" என்று நினைத்தேன். பட்டை 17 வந்தது, வெர்னியரில் சுத்தம். மூலைகள் மட்டும் கூர்மையாக வராமல் உருண்டையாகவே நின்றுவிட்டன. முதலாளி நட்டை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்பானர் மூலையிலதான்டா பிடிக்கும்" என்றார். நாற்பது நட்டு. அன்றைக்கு மனதில் ஏறியதுதான் 1.155. பட்டை அளவை 1.155 ஆல் பெருக்கினால் மூலை அளவு. அது 2/√3 என்று தெரிந்துகொண்டது ரொம்ப நாள் கழித்துத்தான்.

அந்தப் பிள்ளையிடம் ஒரு நட்டைக் கொடுத்து, பட்டைக்குப் பட்டையும் மூலைக்கு மூலையும் அளக்கச் சொல்லுங்கள் அக்கா. கடையில் வாங்கும் நட்டில் மூலை கொஞ்சம் மழுங்கி இருக்கும், கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். அது ஏன் என்றும் யோசிக்கட்டும்.

---

ஜுபைல்_ஃபிட்டர் | திங்கள், மாலை 6:48

ஆறுபட்டை அண்ணனுக்கு 1.155 என்றால் எங்களுக்கு 1.414. சவுதியில் 12 வருடமாக பைப் ஃபிட்டர். ஐடிஐ முடித்தவன்.

ஓடிக்கொண்டிருக்கும் பைப் லைன் 500 மி.மீ பக்கத்தில் தள்ளிப் போக வேண்டும், இரண்டு 45 எல்போ (பைப்பை 45° திருப்பும் வளைவுத் துண்டு) போட்டு. தள்ளும் தூரம் 500 ஒரு பக்கம், அதற்குள் முன்னால் போகிற தூரமும் 500, சாய்ந்து போகும் பைப்பு கர்ணம். 500 × 1.414 = 707. ஆனால் 707-க்கு வெட்டினால் வேலை கெட்டது. அது எல்போ மையத்திலிருந்து எல்போ மையம் வரைக்குமான நீளம். 6 இஞ்ச் லாங் ரேடியஸ் 45 எல்போவுக்கு மையத்திலிருந்து முகம் வரை 95 மி.மீ. இரண்டு பக்கமும் கழித்தால் 517. வெல்டிங் இடைவெளி பக்கத்துக்கு 3 மி.மீ வீதம் 6 போனால் 511. அதுதான் வெட்டும் அளவு.

புதிதாக வருகிற பையன்கள் 1.414-ஐ நன்றாக மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். எதை எதனால் பெருக்குகிறோம் என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஒருமுறை லைன் பக்கத்தில் 300, மேலே 400 தள்ள வேண்டியிருந்தது. ஒரு பையன் 300-ஐ 1.414 ஆல் பெருக்கி, 400-ஐ 1.414 ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டிவிட்டான். பைப்பு ஒரே ஒரு சாய்வில்தான் போகிறது, இரண்டு இல்லை. முதலில் 300, 400-க்கு உண்மையான தள்ளல் 500. அதை 1.414 ஆல் பெருக்கினால் போதும், அதே 707. அவன் கணக்கில் 990 வந்தது. வெட்டுவதற்கு முன்னால் பார்த்துவிட்டேன், இல்லையென்றால் பைப்பு வீணாகியிருக்கும். தரையில் சாக்பீஸால் படம் போட்டுக் காட்டினேன், ஐந்து நிமிடத்தில் புரிந்துகொண்டான். வாத்தியார் சொல்வது சரி, படம்தான் முதலில்.

---

மூலைவீடு | திங்கள், இரவு 8:05

இந்த இழையைப் பார்த்ததும் என் சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். வீட்டு மூலையில் முக்கோணப் பலகை ஒன்று அடித்து சாமி படம் வைக்க வேண்டும். முன்பக்க விளிம்பு சரியாக 3 அடி இருக்க வேண்டும், அங்கே சரவிளக்கு மாட்டுவதற்காக. சுவரோரம் இரண்டு பக்கமும் சமம். சுவரில் எத்தனை அங்குலத்தில் குறிக்க வேண்டும்?

---

இழைப்புளி | திங்கள், இரவு 8:31

முன் விளிம்பு 36 அங்குலம், அது கர்ணம். இரண்டால் வகுத்து 18, அதை 1.414 ஆல் பெருக்கினால் 25.45. நாடாவில் 25 அங்குலத்தோடு அரைக்கு ஒரு மயிரிழை குறைவு.

36-ஐ √2 ஆல் வகுத்தாலும் இதேதான் வரும், ஆனால் 1.414 ஆல் வகுப்பது கையால் செய்கிறவனுக்குச் சிரமம். பாதியாக்கிப் பெருக்குவது சுலபம். எங்கள் தாத்தா காலத்திலிருந்து பட்டறையில் இப்படித்தான்.

ஆனால் பலகையை வெட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். உங்கள் சுவர் மூலை 90 டிகிரிதானா என்று பாருங்கள். ஒரு சுவரில் 3 அடியில் ஒரு புள்ளி, இன்னொரு சுவரில் 4 அடியில் ஒரு புள்ளி வையுங்கள், இரண்டுக்கும் நடுவில் நாடா பிடித்தால் 5 அடி வர வேண்டும். பூச்சு வேலையில் மூலை அரை அங்குலம் விரிந்திருப்பது சகஜம். அப்படி இருந்தால் கணக்கு சரியாக இருந்தும் பலகை சுவரோடு சேராது, ஒரு முனையில் இடுக்கு தெரியும். விரிந்திருந்தால் அட்டையில் அச்சு வெட்டி வைத்துப் பார்த்துவிட்டுப் பலகையில் கை வையுங்கள்.

---

மூலைவீடு | திங்கள், இரவு 9:50

பார்த்துவிட்டேன் ஐயா. 5 அடியும் கால் அங்குலமும் வருகிறது. அட்டைதான் வெட்டப் போகிறேன். நல்ல வேளை கேட்டேன்.

---

பழஞ்சுவடி | செவ்வாய், காலை 10:12

கர்ணத்துக்கு வர்க்கமூலமே இல்லாத ஒரு வழி நம் ஊர்ப் பழம்பாடல் ஒன்றில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் நிறைய பேர் பார்த்திருப்பீர்கள். நீளமான பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளிவிடு, மிச்சத்தோடு சின்னப் பக்கத்தில் பாதியைச் சேர், அதுவே கர்ணம் என்பது அதன் சாரம். 3, 4 போட்டால் 3.5 + 1.5 = 5. 5, 12 போட்டால் 10.5 + 2.5 = 13. இரண்டும் துல்லியம். பள்ளியில் இதைச் சொல்லித் தந்தால் பிள்ளைகள் வேரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லையே?

---

ஆறுபட்டை | செவ்வாய், பகல் 1:15

நம் சிறப்பு முக்கோணங்களில் போட்டுப் பார்த்தேன். 45-க்கு: 7/8 + 1/2 = 1.375. வர வேண்டியது 1.414. பக்கம் ஒரு மீட்டர் என்றால் 39 மி.மீ குறைகிறது. 30-60-க்கு: 1.732-இல் எட்டில் ஏழு 1.5155, அதோடு 0.5 சேர்த்தால் 2.0155. வர வேண்டியது 2. இது நெருக்கம்தான், முக்கால் சதவீதம் கூடுதல். மரவேலையில் மதிப்பு போட, எவ்வளவு மரம் வாங்கலாம் என்று பார்க்க, நல்ல வழி. வெட்டும் அளவுக்கு ஆகாது.

---

ஜுபைல்_ஃபிட்டர் | செவ்வாய், மாலை 5:30

39 மி.மீ குறைந்தால் எங்கள் பைப்பு சேரவே சேராது.

---

கரும்பலகை | செவ்வாய், இரவு 7:44

பழஞ்சுவடி ஐயா, அந்த வழியை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். மனக்கணக்காக, பேனா இல்லாமல், வயலிலோ பட்டறையிலோ நின்றுகொண்டு ஒரு மதிப்பு சொல்ல அருமையான வழி. தோராயம் என்று சொல்லிக் கொடுத்தால் அதற்குரிய பெருமை அதற்குக் கிடைக்கும். துல்லியம் என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளை தேர்வில் தோற்கும், அப்புறம் நம் பழைய கணக்கின்மேலேயே நம்பிக்கை இழக்கும்.

துல்லியத்துக்கும் நம்மிடம் பழைய சொத்து உண்டு. போதாயனரின் சுல்ப சூத்திரத்தில் சதுரத்தின் மூலைவிட்டத்துக்கு ஒரு வழி இருக்கிறது. பக்கத்தோடு அதன் மூன்றில் ஒன்றைச் சேர், அந்த மூன்றில் ஒன்றின் நான்கில் ஒன்றையும் சேர், கடைசியாகச் சேர்த்ததன் 34-இல் ஒன்றைக் கழி. 1 + 1/3 + 1/12 – 1/408. கூட்டினால் 577/408 = 1.4142157. உண்மை மதிப்பு 1.4142136. ஒரு மீட்டர் சதுரத்தில் பிழை ஒரு மில்லிமீட்டரில் 400-இல் ஒரு பங்குகூட வராது. யாக மேடைக்குக் கயிறு கட்டி அளந்தவர்களின் கணக்கு இது.

அதற்கும் முந்தியது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பாபிலோனியக் களிமண் பலகை, எண் ஒய்பிசி 7289. உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஒரு சதுரம், இரண்டு மூலைவிட்டங்கள், பக்கத்தில் 30 என்று குறிப்பு. மூலைவிட்டத்தின் மேல் 60-இன் அடிமானத்தில் 1, 24, 51, 10. அதாவது 1 + 24/60 + 51/3600 + 10/216000 = 1.414213. கீழே 42, 25, 35, அதாவது 42.4264. 30-ஐ √2 ஆல் பெருக்கினால் வருவது. 45-45-90 முக்கோணத்தில் பக்கம் கொடுத்துக் கர்ணம் கேட்கும் கணக்கு, சுமார் 3,700 வருடங்களுக்கு முன்னால் யாரோ களிமண்ணில் போட்டு வைத்தது. ஒவ்வொரு வருடமும் இந்தப் பாடத்தை இந்தப் பலகையின் படத்தைக் காட்டித்தான் தொடங்குவேன்.

---

பழஞ்சுவடி | செவ்வாய், இரவு 8:20

ஐயா, இதைப் படித்ததும் மனம் நிறைந்தது. தோராயம் என்று சொல்லியே பகிர்கிறேன் இனி.

---

தாமரைக்குளம் | புதன், இரவு 9:25

எல்லோருக்கும் பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை, மன்னிக்கவும். திங்கள் சாயங்காலம் வெட்டினோம். 14 செ.மீ முக்கோணத்தை மடித்து வெட்டியதும் அவளே மூன்று பக்கத்திலும் பென்சிலால் "முழுசு", "பாதி", "வெட்டினது" என்று எழுதினாள். அந்தத் துண்டை ஜியோமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறாள். அப்புறம் மூலைமட்டத்தை எடுத்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துவிட்டு, "அம்மா, இதுவும் அதேதான்" என்றாள். நான்கு வருடமாக அந்தப் பெட்டியில் அது கிடக்கிறது!

பத்துக் கணக்கு கொடுத்தேன், ஒன்பது சரி. ஆறுபட்டை தம்பி, நட்டையும் அளந்தாள். மூலை மழுங்கினால் ஸ்பானர் சுலபமாக நுழையும், கையைக் கிழிக்காது என்கிறாள், சரிதானா?

இப்போது ஏற்றக்கோணப் பாடத்தில் நிற்கிறாள். கோபுரத்தைப் பார்க்கும் கோணம் 30°, அதை நோக்கி 40 மீட்டர் நடந்தால் 60° ஆகிறது, உயரம் என்ன என்பது மாதிரி. இரண்டு டேன் சமன்பாடு எழுதி நடுவில் குழம்பிவிடுகிறாள். இதற்கும் வெட்டுகிற மாதிரி ஏதாவது உண்டா?

---

ஆறுபட்டை | புதன், இரவு 9:40

மகள் சொன்னது சரிதான் அக்கா. கூர்மையாக விட்டால் முதலில் கையைத்தான் கிழிக்கும்.

---

கரும்பலகை | வியாழன், காலை 6:05

உண்டு அம்மா, எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது.

படம் வரையச் சொல்லுங்கள். தூரத்துப் புள்ளியில் 30°, கிட்டத்துப் புள்ளியில் 60°. இப்போது கோபுரத்தை மறந்துவிட்டு, இரண்டு புள்ளிகளும் உச்சியும் சேர்ந்த ஒல்லியான முக்கோணத்தை மட்டும் பாருங்கள். தூரத்து முனையில் 30°. கிட்டத்து முனையில் 180 – 60 = 120°. அப்படியானால் உச்சியில் மிச்சம் 30°. இரண்டு கோணம் சமம், ஆக எதிரில் உள்ள பக்கங்களும் சமம். நடந்த தூரம் 40 என்றால், கிட்டத்துப் புள்ளியிலிருந்து உச்சிக்குப் போகும் சாய்ந்த கோடும் 40.

அந்தச் சாய்ந்த கோடு கோபுரத்தோடு சேரும் சின்ன முக்கோணத்தின் கர்ணம். அது 30-60-90. முழுசு 40, பாதி 20, வெட்டினது 20√3. உயரம் 34.64 மீட்டர். ஒரு சமன்பாடும் எழுதவில்லை.

தரையைப் பாருங்கள். கோபுரத்துக்கு இன்னும் 20 மீட்டர் இருக்கிறது. நடந்ததில் சரிபாதி. 30° பார்த்த இடத்திலிருந்து 60° வரும்வரை நடந்தால், எந்தக் கோபுரமானாலும் மிச்சம் நடந்ததில் பாதிதான். விடைத்தாளில் மட்டும் டேன் வைத்து எழுதிவிடட்டும், திருத்துகிறவர் அதைத்தான் எதிர்பார்ப்பார். இந்த வழியில் விடையைச் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

---

வேகக்கணக்கு | வியாழன், காலை 9:18

சார், இதை நான் இதுவரை இரண்டு சமன்பாடு வைத்துத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் வழியில் பத்து வினாடி. வேகம் பற்றி நான் சொன்னதை இன்றைக்கு மாற்றிக்கொள்கிறேன்.

---

தாமரைக்குளம் | ஞாயிறு, மாலை 6:30

இன்று காலை வீட்டுப் பின்னால் உள்ள தென்னையை அளந்தோம். 45 மூலைமட்டத்தின் ஒரு விளிம்போரம் நூல் கட்டி நட்டைத் தொங்கவிட்டாள், நேராகப் பிடிப்பதற்கு. கர்ணத்தின் வழியாகக் கண்ணை வைத்து, மட்டை பிரியும் இடம் தெரியும்வரை பின்னால் நடந்தாள். மரத்திலிருந்து 31 அடி. அவள் கண் உயரம் நாலரை அடி. மொத்தம் 35½ அடி.

அப்புறம் இன்னொரு மூலைமட்டத்தை 30° வரும்படி பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். 31-ஐ 1.732 ஆல் பெருக்கி 53.7 அடியில் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னாள். நின்றது 52½-இல். அதை √3 ஆல் வகுத்தால் 30.3, கண் உயரம் சேர்த்து 34.8 அடி. முக்கால் அடி இடிக்கிறதே என்று முகம் வாடிப்போனது. சாயங்காலம் தேங்காய் பறிக்க வந்தவரிடம் கயிற்றைக் கொடுத்து மேலிருந்து விடச் சொன்னாள். அளந்தால் 35 அடி 2 அங்குலம்.

---

கரும்பலகை | ஞாயிறு, இரவு 7:15

அம்மா, முகம் வாட வேண்டாம் என்று சொல்லுங்கள். 45°-இல் 31 அடி தள்ளி நின்று பார்க்கும்போது கை ஒரே ஒரு டிகிரி ஆடினால் விடையில் ஏறத்தாழ ஒரு அடி மாறும். 30°-இலும் ஒரு அடிக்கு மேலேதான். அவள் இரண்டு முறையும் அரை டிகிரிக்குள் பிடித்திருக்கிறாள். ஒரு நூலும் நட்டும் வைத்துக்கொண்டு அது நல்ல அளவை.

---

தாமரைக்குளம் | ஞாயிறு, இரவு 8:50

சொன்னேன் ஐயா, சிரிக்கிறாள். ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறாள். இரண்டு மூலைமட்டத்தையும் ஒட்டி வைத்தால் 45-உம் 30-உம் சேர்ந்து 75° வருகிறது. 15-75-90 முக்கோணத்துக்கும் இப்படி வெட்டுகிற வழி ஏதாவது உண்டா என்று.

---

கரும்பலகை | ஞாயிறு, இரவு 9:20

உண்டு. 12 செ.மீ கர்ணம் வரைந்து, ஒரு முனையில் 15°, இன்னொரு முனையில் 75° வைத்து முக்கோணத்தை முடிக்கட்டும். செங்கோண முனையிலிருந்து கர்ணத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு இறக்கி அளக்கட்டும். 3 செ.மீ வரும். கர்ணத்தில் சரியாகக் கால் பங்கு.

ஏன் என்று நான் சொல்லப் போவதில்லை. கர்ணத்தின் நடுப்புள்ளியைச் செங்கோண முனையோடு சேர்த்து ஒரு கோடு போடச் சொல்லுங்கள். உள்ளே ஒரு 30-60-90 இருக்கும். அவள் பெட்டியில் வைத்திருக்கும் துண்டை எடுத்து, முழுசு எது, பாதி எது என்று தேடட்டும்.